பாதி வண்டிக்கு, மீதி உங்களுக்கு

முதல் வண்டியை டெலிவரி கொடுத்த அன்று, அது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

புதுச்செவல் கடைத்தெருவே கூடி நிற்கிறது. ரித்திக் அண்ணாச்சி பட்டு வேட்டி சரசரக்க ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். பூசணிக்காய் உடைத்தாயிற்று, சூடம் காட்டியாயிற்று, நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தாயிற்று. வண்டி மட்டும் நகர்வேனா என்கிறது. 'முன்னால் ஏதோ இருக்கிறது, தயவுசெய்து கவனிக்கவும்' என்று பொம்பளைக் குரலில் பாடிக்கொண்டே இருக்கிறது. உருண்டையாக எதைக் கண்டாலும் பந்து என்று நினைத்துக்கொள்ளுமாம். பந்துக்குப் பின்னால் பிள்ளை ஓடி வருமாம். அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள்.

"ஏம்மா மிருதுளா, எலுமிச்சம்பழத்துக்கே பயப்படுதே, இது எப்படி லாரிக்காரனுக்கு முன்னால போகும்?" என்றார் அண்ணாச்சி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்தேன், சேலையைத் தூக்கிச் செருகினேன், பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெறுங்காலால் நானே நசுக்கினேன். "ஏறியாச்சு! போங்க அண்ணாச்சி!" என்றேன். வண்டி பானையில் உலை கொதிக்கிற மாதிரி குமுகுமுவென்று சத்தம் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கியது. அப்படித்தான் மின்சார வண்டி எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது.

ரித்திக் என்ற பெயரைக் கேட்டு யாரோ இளவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காலத்தில் கிழவர்களுக்குத்தான் அந்தப் பெயர். அண்ணாச்சிக்கு எழுபதைத் தொடப்போகிற வயது, மளிகை மொத்த வியாபாரம், வியாபாரிகள் சங்கத் தலைவர். என் ஷோரூம் இருப்பது அவர் கட்டடத்தில். நல்ல மனுஷர்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திரும்பி வந்தது என்று ஏன் சொன்னேன் என்றால், மின்சார வண்டி ஏற்கெனவே ஒரு தடவை வந்து செத்துப்போன சாமான். என் அம்மாவின் இளவயதில் ஓகோ என்று ஓடியிருக்கிறது. பிறகு உலகத்தில் லித்தியம் வற்றிப்போய், பேட்டரி மாற்றுவதைவிட வீடு கட்டுவது சுலபம் என்றாகிவிட்டது. நான் பிறந்தபோது அந்த வண்டிகள் எல்லார் வீட்டு வாசலிலும் அசையாமல் நின்றன. எங்கள் வீட்டு வண்டியில் கோழி அடைகாத்தது. அப்புறம் ஜனங்கள் அரசாங்க வேனில் இடித்துப் பிடித்துப் போய்வரப் பழகிக்கொண்டார்கள். சொந்த வண்டி என்பது மறந்தே போயிற்று.

அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி உயிருள்ள பேட்டரியைச் செய்தது. லித்தியம் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வண்டியின் முகத்துக்குள் ஒரு பானை. பானைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை கஞ்சியைத் தின்றுவிட்டு மின்சாரத்தை விடும். தினம் ஒரு சொம்பு அரிசிக் கஞ்சி ஊற்றினால் போதும், கோவில்பட்டி வரை போய்த் திரும்பலாம். கம்பெனி வைத்த பெயர் உயிர்மின்கலம். ஊர் வைத்த பெயர் தயிர்வண்டி.

கோழி அடைகாத்த வண்டியைப் பார்த்து வளர்ந்த ஜனம் நம்புமா? ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி, "இந்தத் தடவை சாகாது, நான் பொறுப்பு" என்று என் வாயால் சொல்லித்தான் விற்றேன். கடைத்தெருவில் என்னை வழிமறித்து, "மிருதுளா, உன்னை நம்பித்தான் வாங்குதேன்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் ஊரே மாறிப்போயிற்று. சாயங்காலமானால் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதற்கு முன்னால் 'வண்டிக்குக் கஞ்சி வச்சாச்சா' என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பெனிக்கு ஒரே ஒரு கண்டிப்பு. வடித்து ஆறவைத்த புதுக் கஞ்சியைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. பழையது, புளித்தது, மோர், கூழ், எதுவும் ஆகாது. டெலிவரி எடுக்கிற ஒவ்வொருவரிடமும் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். ஆதிரை டாக்டர் நீல வண்டி வாங்க வந்தபோதும் ஒப்பித்தேன். ஆதிரை எங்கள் ஊர் கால்நடை மருத்துவர். பக்கத்தில் நின்று தலையைத் தலையை ஆட்டியவர் அவர் வீட்டுக்காரர் நன்மாறன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் என்றால் சொன்னதைக் கவனமாகக் கேட்பார் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம்.

பங்குனி வெயிலில் முதல் வண்டி திரிந்தது.

வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பால் திரிகிற மாதிரியேதான். பானையைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, குடலைப் பிடுங்கும் நாற்றம், குமுகுமுச் சத்தம் கிடையாது. யாரோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாள் இன்னொன்று. அந்த வாரம் முடிவதற்குள் ஊரில் பாதி வண்டி நின்றுவிட்டது. அண்ணாச்சியின் வெள்ளை வண்டி சந்தைக்கு நடுவில் நின்று, அதை நாலு பேர் தள்ளிக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தார்கள். என் சொந்த வண்டி ஷோரூம் வாசலிலேயே செத்தது. கம்பெனி புதுக் கலவை அனுப்பியது. ஊற்றினோம். அதுவும் திரிந்தது.

மாவட்டம் முழுக்க இதே கதை. சென்னையிலிருந்து போன் வந்தது. சித்திரை முடிவதற்குள் வண்டிகள் எழுந்து ஓடாவிட்டால் தெற்கே எல்லா ஏஜென்சியையும் மூடிவிட்டு, வண்டிகளைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

இரும்புக்கு! நான் வாசலில் நின்றுகொண்டு போனில் கத்தினேன். "நீங்க அங்க ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு மூடுறோம்னு சொல்லிருவீக. நான் இந்தத் தெருவுல நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடக்க? என் வாயை நம்பி வாங்குனவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அந்த நேரத்தில்தான் குமுகுமுவென்று ஒரு சத்தம்.

திரும்பினேன். ஆதிரை டாக்டரின் நீல வண்டி தெருவில் ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் ஒரு கன்றுக்குட்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. ஊரில் ஓடுகிற ஒரே வண்டி! போனைப் போட்டது போட்டபடி பின்னால் ஓடினேன்.

"டாக்டர்! டாக்டரம்மா! நிறுத்துங்க!"

"அக்கா, கன்னுக்குட்டிக்கு வயிறு ஊதியிருக்கு, நிக்க நேரமில்ல!" என்று உள்ளேயிருந்து ஆதிரை கத்தினார். "சாயந்தரம் வீட்டுக்கு வாங்க!"

ஆதிரையின் வீடு நந்தவன நகரில் இருக்கிறது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். காலனி என்ற சொல்லை எல்லாப் பலகைகளிலிருந்தும் அரசாங்கம் அழித்து எத்தனையோ வருஷமாயிற்று. பலகையிலிருந்துதான் அழிக்க முடிந்தது. கடைத்தெரு ஆட்கள் அந்தப் பக்கம் வாக்குக் கேட்கப் போவார்கள், கடைக்கு ஆள் தேடிப் போவார்கள், ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. என் வண்டிதான் செத்துவிட்டதே, நடந்தே போனேன். போய்ச் சேருகையில் வாசலில் விளக்கு ஏற்றியிருந்தது.

நன்மாறன் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஆதிரை இன்னும் கன்றுக்குட்டியின் சாணி வாசத்தோடுதான் இருந்தார்.

"டாக்டர், உண்மையச் சொல்லுங்க. வண்டிக்கு என்ன ஊத்துறீங்க?"

ஆதிரை வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் முகட்டைப் பார்த்தார்.

"அது வந்துக்கா," என்றார் நன்மாறன், "எங்க வீட்ல தினம் அரிசி வடிக்கிறது கிடையாது. கம்பங்கூழ்தான். வண்டிக்குன்னு தனியா ஒரு அடுப்பு பத்த வைக்கணுமான்னு யோசிச்சேன். முந்தின நாள் கூழ்ல தெளிஞ்ச தண்ணி இருக்கும்லா, அதை ஊத்திட்டேன். நீங்க ஆகாதுன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா அது குடிச்சிட்டு நல்லாத்தான ஓடுச்சு?"

"எப்ப இருந்து?"

"வாங்கின மறுநாள்ல இருந்து."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆதிரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கே போன வாரம்தான் தெரியும்க்கா. மத்த வண்டியெல்லாம் நிக்குதே, நம்ம வண்டி மட்டும் ஏன் நிக்கலைன்னு பானையில இருந்து ஒரு சொட்டு எடுத்து ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தேன். அப்புறம் இவரை உக்கார வச்சு விசாரிச்சேன்."

"என்ன இருந்துச்சு?"

"கம்பெனிக்காரங்க பூச்சி எல்லாம் ஒரே அச்சுக்கா. ஒரு தாய்ல இருந்து நகல் எடுத்தது. ஊருக்கெல்லாம் அதுதான். அதைக் கொல்ற ஒரு வைரஸ் வந்துச்சுன்னா ஒண்ணு விடாம சாகும். ஒரே சாதிக் கோழியா அடைச்சு வச்ச பண்ணையில சீக்கு வர்ற மாதிரி. எங்க பானையில கம்பெனிப் பூச்சியும் கிடக்கு, கூழ்ல இருந்து வந்ததும் கிடக்கு, காத்துல வந்ததும் கிடக்கு. வைரஸ் வந்து கொஞ்சத்தைத் தின்னுருக்கும். மிச்சம் பொழைச்சிருச்சு."

"அப்ப இதுல கொஞ்சம் எடுத்து மத்த வண்டியில விட்டா?"

"பால்ல உறை ஊத்துற மாதிரிதான். பிடிச்சுக்கும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு சொம்பு குடுங்க டாக்டர், இப்பவே கொண்டு போறேன்."

"இப்பவா?" நன்மாறன் பதறிப்போனார். "விளக்கு வச்சாச்சேக்கா. விளக்கு வச்சப்புறம் உறை குடுக்கக் கூடாதே."

"சார், அது மோருக்கு. இது பேட்டரி!"

"உறைன்னா உறைதானக்கா," என்றார் கணக்கு வாத்தியார், அசையாமல். ஆதிரை 'எங்கிட்ட கேக்காதீங்க' என்று உதட்டைப் பிதுக்கினார்.

சரி, காலையில் வருகிறேன் என்று எழுந்தேன். எழுந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம். நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னேன். "காலையில பெரிய கேனா கொண்டு வர்றேன் டாக்டர். எல்லா வண்டிக்கும் ஷோரூம்ல வச்சு நானே ஊத்திர்றேன். எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்."

ஆதிரையின் சிரிப்பு நின்றுவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஏன்க்கா? எங்க வீட்டுப் பேரைச் சொன்னா வண்டி ஓடாதா?"

வாயாலேயே ஊருக்கெல்லாம் வண்டி விற்ற மிருதுளா, செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் உடம்பு கூசிப்போயிற்று.

"கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ல மாட்டோம்," என்றார் ஆதிரை. "காசும் வேண்டாம். ஆனா கேன் எல்லாம் கிடையாது. வண்டி யாருதோ அவங்களே வரணும். அவங்க வீட்டு டம்ளரோட வரணும்."

நன்மாறன் குறுக்கே விழுந்தார். "வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்புற வழக்கம் எங்க வீட்ல இல்லக்கா. டம்ளர் நிறையக் கூழ் தருவேன். பாதி வண்டிக்கு, மீதி உங்களுக்கு. வண்டிக்குள்ளத முதல்ல ஊத்திரணும், உப்பு போடாம. உப்பு பானைக்கு ஆகாது. மிச்சத்துல நான் உப்பு போட்டு, மோர் மிளகாயோட தருவேன். உக்காந்து குடிச்சிட்டுத்தான் போகணும்."

அவர் அதை நிபந்தனையாகச் சொல்லவில்லை. விருந்து உபசாரமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுநாள் காலையில் டம்ளரோடு போனேன். பாதியை ஒரு பாட்டிலில் விட்டுக்கொண்டு, மீதியை உட்கார்ந்து குடித்தேன். அப்படி ஒரு கூழ்! இரண்டாவது டம்ளர் நானாகக் கேட்டு வாங்கினேன். ஷோரூமுக்கு வந்து பானையைக் கழுவி, கொஞ்சம் புதுக் கஞ்சியோடு உறையை விட்டேன். அடுத்த நாள் விடியும்போதே குமுகுமுச் சத்தம் கேட்டுவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவை மூன்று சுற்று சுற்றினேன், ஹாரன் அடித்துக்கொண்டே. எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"எப்படி எந்திரிச்சுது? எங்க கிடைச்சுது?"

"ஆதிரை டாக்டர் வீட்ல. நீங்களே டம்ளரோட போகணும். கூழ் குடிச்சிட்டு வரணும்."

ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். ஒருத்தருக்கு அவசரமாகப் போன் வந்தது. ரித்திக் அண்ணாச்சி மட்டும் வாயைத் திறந்தார். "நீ போய் மொத்தமா வாங்கிட்டு வந்துரும்மா. எதுக்கு எல்லாரும் போய்க்கிட்டு?"

"குடுக்க மாட்டாங்க அண்ணாச்சி."

"அப்ப நம்ம டிரைவரை அனுப்பட்டா?"

"வண்டிக்காரங்களே வரணும்னு சொல்லிட்டாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் அண்ணாச்சி, குரலை இறக்கி. "நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். சங்கத் தலைவர் போய் அங்கன உக்காந்து கூழு குடிச்சாருன்னு. எனக்கு அது சரிப்படாது."

முதல் இரண்டு நாள் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் கல்யாண மண்டபத்துக்காரர் போனார், மறுநாள் முகூர்த்தம் இருந்தது அவருக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு மருந்து மாதிரி குடித்தாராம். குடித்துவிட்டு, "மோர் மிளகாய் இன்னொண்ணு இருக்கா?" என்றாராம். அப்புறம் ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டி போனார். அப்புறம் எல்லாரும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தவன நகர் தெருவில் டம்ளரும் கையுமாக வரிசை நின்றது. நன்மாறன் வாசலில் பெஞ்சு போட்டுவிட்டார். வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் பானைக்குத் தெம்பு கொடுக்க என்று சொல்லிக்கொண்டு, வாராவாரம் வருகிறவர்கள் உண்டு. பானைக்காக வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

ஊரே திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாசலில் நின்றபடி குடித்துவிட்டு டம்ளரை வீட்டில் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவர்கள் இருக்கிறார்கள். வண்டியே வேண்டாம் என்று விற்றுவிட்டவர் ஒருத்தர். ஆனால் வண்டிகள் ஓடின. சித்திரை முடிவதற்குள் ஊரில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. அண்ணாச்சியின் வெள்ளை வண்டி, தார்ப்பாய் போர்த்தி.

கம்பெனிக்குச் செய்தி போய், ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வர்ஷினி என்று ஒரு பெரிய அதிகாரி வந்தார். கார்க் கதவைத் திறந்து இறங்குமுன்னே, "மேடம், டம்ளர் இருக்கா?" என்றேன். இல்லை. என் டம்ளரைத்தான் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். இரண்டு டம்ளர் குடித்தார். அப்புறம் ஆதிரையின் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இதை நாங்க ஊர் ஊருக்கு அனுப்பணும் டாக்டர். நீங்க சம்மதிச்சா பாட்டில்ல அடைச்சு விற்போம்," என்றார்.

"விக்கிறது உங்க இஷ்டம்," என்றார் ஆதிரை. "ஆனா ஒரு வண்டிக்காரர் இன்னொரு வண்டிக்காரருக்கு உறை குடுக்கறதை யாரும் தடுக்கக் கூடாது. அதை மட்டும் எழுத்துல குடுத்துருங்க."

கொடுத்தார்கள். என் ஏஜென்சி பிழைத்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆவணியில் ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். மனிதர் இத்தனை மாதமும் முழங்கால் வலியோடு அரசாங்க வேனில் தொங்கிக்கொண்டுதான் போனார், வந்தார். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. தார்ப்பாயை எடுத்து வண்டியைத் துடைத்து வைத்திருந்தார். கையில் தங்க நிற மூடி போட்ட ஒரு பாட்டில்.

"பாத்தியாம்மா? சென்னையில இருந்து நேரா வரவழைச்சேன். புதுத் தலைமுறைக் கலவையாம். எந்த வைரஸும் தொடாதாம். நான் பொறுத்திருந்தேன், நல்ல சரக்கு வந்துச்சு. அவசரப்பட்டவங்கதான் எங்கெங்கயோ போயி நின்னாங்க. வா, உன் கையாலயே ஊத்து."

மூடியைத் திருகினேன். குப்பென்று வந்தது வாசம். புளித்த கம்பு. நான் வாராவாரம் உட்கார்ந்து குடிக்கிற அதே வாசம், எனக்கா தெரியாது?

உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறிக்கொண்டு வந்தது. பானையில் பாதியை ஊற்றிக் கஞ்சியும் விட்டேன். சென்னைக்காரர்கள் நன்றாகத் தெம்பு ஏற்றி அனுப்பியிருப்பார்கள் போல, காப்பி குடித்து முடிப்பதற்குள் வண்டி குமுகுமுக்க ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி பிள்ளையைத் தடவுகிற மாதிரி அதைத் தடவினார்.

"மிச்சம் இருக்கே பாட்டில்ல?"

"வண்டிக்கு இது போதும் அண்ணாச்சி."

அண்ணாச்சி மளிகை வியாபாரி. சாக்கைத் திருப்பி உதறி, மூலையில் ஒட்டிய பருப்பைப் பொறுக்குகிறவர். பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். "மனுசர் குடிச்சாலும் கெடுதல் இல்லன்னு போட்டிருக்கான். வீணாக்குவானேன்?" என்று சொல்லி, ஒரு டம்ளரில் சாய்த்து, நான் என்ன ஏது என்று வாயைத் திறக்குமுன்னே ஒரு மிடறு குடித்துவிட்டார்.

சப்புக்கொட்டினார். "ஆகா! வயித்துல அப்படியே குளுகுளுன்னு இறங்குதும்மா. கம்பெனிச் சரக்குன்னா கம்பெனிச் சரக்குதான்."

சும்மா இருந்திருக்கலாம். குடித்துவிட்டுப் போகட்டும், சாகும்வரை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கலாம். ஆனால் 'எங்க வீட்டுப் பேரைச் சொன்னா வண்டி ஓடாதா' என்று கேட்ட முகம் என் முன்னால் வந்து நின்றது. இன்னொரு தடவை அந்தப் பெயரை நான் முழுங்க மாட்டேன்.

"அண்ணாச்சி. அது ஆதிரை டாக்டர் வீட்டுக் கூழ். இங்க இருந்துதான் சென்னைக்குப் போச்சு. அங்க இருந்து மூடி போட்டு உங்களுக்கு வந்திருக்கு."

டம்ளர் பாதி வழியில் நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பொய் சொல்கிறேனா என்று. டம்ளரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அது பாட்டுக்குக் குமுகுமுத்துக்கொண்டிருந்தது. துப்பப் போகிறார் என்று நினைத்தேன். கட்டடத்தைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்றுகூட நினைத்தேன். பண்ணட்டும் என்று நின்றேன்.

அவர் டம்ளரை உயர்த்தி மிச்சத்தையும் குடித்தார். மெதுவாக, ஒரு சொட்டு விடாமல். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு கம்மி," என்றார்.

உள்ளே போய்விட்டார்.

அப்படியே ஓட்டமாக ஓடி நந்தவன நகரில் சொன்னேன். ஆதிரை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் அந்தத் தண்ணீரைத் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நன்மாறனுக்கு ஒரே வருத்தம். "கம்பெனிக்காரன் எப்படிக்கா உப்பு போடுவான்? பாவம், பெரிய மனுசர், வெறுங்கூழக் குடிச்சிருக்காரு. ஒரு மிளகாய்கூட இல்லாம!"

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல டம்ளரோடு போனேன். வரிசையின் கடைசியில் வெள்ளை வண்டி வந்து நின்றது. அண்ணாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து கல்யாண மண்டபத்துக்காரரை இடித்துத் தள்ளி உட்கார்ந்தார்.

நன்மாறன் கூழை ஊற்றினார். பழக்க தோஷம், பாதியோடு நிறுத்தி, "வண்டிக்கு எதுல விட அண்ணாச்சி? பாட்டில் கொண்டாந்தியளா?" என்றார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. வண்டிக்கா வந்தேன்? முழுசா ஊத்து," என்றார் அண்ணாச்சி. பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இந்தா, நம்ம கடைக் கல்லுப்பு. இனிமே இதைப் போடு."

நன்மாறன் வாங்கி, பிரித்து, ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. அடுத்த வாரம் வரும்போது சின்ன வெங்காயமும் எடுத்துட்டு வாங்க," என்றார்.